செயற்கை மூட்டுத் தொற்றை ஆய்வுகூடத்தில் கண்டறிதல்: மலையக வைத்தியசாலைகளுக்கான முழுமையான வழிகாட்டி

பல ஆண்டுகளுக்கு முன், மலையகத்து வைத்தியசாலையொன்றின் நுண்ணுயிரியல் பிரிவில் நான் வேலைக்குச் சேர்ந்திருந்த புதிதில், சத்திரசிகிச்சைக் கூடத்திலிருந்து ஒரேயொரு சுவாப் (மாதிரியைத் தடவி எடுக்கும் பஞ்சுக்குச்சி) வந்தது. படிவத்தில் "முழங்கால் – வளர்ப்புப் பரிசோதனை" என்று மட்டும் எழுதியிருந்தார்கள். செயற்கை மூட்டு என்ற செய்தியோ, நோயாளி மூன்று வாரங்களாக அன்டிபயோட்டிக் எடுத்து வருகிறார் என்ற செய்தியோ அதில் இல்லை. இரண்டு நாள் வைத்துப் பார்த்து, "வளர்ச்சி இல்லை" என்று எழுதிக் கையொப்பமிட்டேன். அந்த முழங்கால், தோட்டத்தில் முப்பது வருடம் கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற ஓர் அம்மாவுடையது. நான் எழுதிய அந்த இரண்டு சொற்களை நம்பி அவருடைய வலிக்குத் தேய்மானம் என்று பெயர் வைத்தார்கள். இரண்டு வருடம் கழித்து வேறோர் இடத்தில் மூட்டைக் கழற்றியபோது, எடுத்த ஆறு திசுக்களில் நான்கில் ஸ்டபிலோகொக்கஸ் எபிடேர்மிடிஸ் என்ற ஒரே பற்றீரியா வளர்ந்தது.

அந்த அறிக்கையில் பொய் எதுவும் இல்லை. எனக்குத் தரப்பட்ட மாதிரியில் உண்மையாகவே வளர்ச்சி இல்லை. ஆனால் இந்த நோயில் விடையின் பெரும்பகுதி, மாதிரி ஆய்வுகூடத்தின் வாசலுக்கு வருமுன்பே தீர்மானமாகிவிடுகிறது. எத்தனை மாதிரி, எங்கிருந்து, எந்தக் கருவியால், எந்த மருந்துக்குப் பின், எத்தனை நாள் காத்திருந்து என்ற ஐந்து கேள்விகளும் சரியாக அமைந்தால், விலையுயர்ந்த இயந்திரம் எதுவும் இல்லாத ஆய்வுகூடத்திலும் பெரும்பாலான தொற்றுகளைப் பிடித்துவிடலாம். அவை பிசகினால் எந்த இயந்திரமும் காப்பாற்றாது. மலையகத்தின் ஆய்வுகூடங்களிலும் சத்திரசிகிச்சைக் கூடங்களிலும் வேலை செய்பவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

இந்தத் தொற்று ஏன் ஒளிந்துகொள்கிறது

முதன்முறையாகப் பொருத்தப்படும் இடுப்பு, முழங்கால் மூட்டுகளில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டில் தொற்று ஏற்படுகிறது. உலோகத்தின்மீதும் பிளாத்திக்கின்மீதும் ஒட்டிக்கொள்ளும் பற்றீரியாக்கள், தம்மைச் சுற்றி வழுவழுப்பான உயிர்ப்படலம் ஒன்றைக் கட்டி, அதற்குள் மிக மெதுவாகப் பெருகுகின்றன. மூட்டுத் திரவத்தில் மிதப்பவை சொற்பம். படலத்தில் உறைந்திருப்பவையே அதிகம். ஆகவே மேலோட்டமாகத் தடவி எடுக்கும் சுவாப்பில் அவை அகப்படுவதில்லை. அகப்பட்டாலும் 48 மணித்தியாலத்தில் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளர்வதில்லை.

இன்னொரு சிக்கல், குற்றவாளியும் அப்பாவியும் ஒரே முகத்தோடு வருவது. தோலில் இயல்பாக வாழும் கோகுலேஸ் எதிர்மறை ஸ்டபிலோகொக்கஸ்களும் (கோகுலேஸ் என்ற நொதியை உண்டாக்காதவை; எபிடேர்மிடிஸ் இவற்றுள் ஒன்று) கியூட்டிபக்டீரியம் அக்னெஸும் இங்கே உண்மையான நோய்க்காரணிகள். அதேவேளை மாதிரி எடுக்கும் கையிலிருந்தோ, ஆய்வுகூட மேசையிலிருந்தோ தற்செயலாக வந்து சேரும் மாசுகளும் அவையே. ஒரு மாதிரியில் மட்டும் வளர்ந்ததை வைத்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. கீழே வரும் படிகளில் பாதிக்கு மேற்பட்டவை இந்த ஒரு சிக்கலைத் தீர்ப்பதற்காகவே உள்ளன.

முதற்படி: மருந்தை நிறுத்துதலும் படிவத்தை நிரப்புதலும்

நோயாளிக்குக் குருதியில் தொற்றுப் பரவும் ஆபத்து இல்லாதவிடத்து, மாதிரி எடுப்பதற்கு ஆகக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே அன்டிபயோட்டிக்கை நிறுத்த வேண்டும். எழுதுவதற்கு எளிதான இந்த விதி மலையகத்தில் கைக்கொள்ளக் கடினமானது. முழங்கால் வீங்கினால் நம் மக்கள் முதலில் போவது தோட்டத்து டிஸ்பென்சரிக்கு. அங்கே கிடைக்காவிட்டால் டவுனிலுள்ள பார்மசிக்கு. அங்கே கொடுக்கும் குளிசையின் பெயர் பலருக்குத் தெரியாது, அதை அன்டிபயோட்டிக் என்றும் அவர்கள் நினைப்பதில்லை. ஆகவே "அன்டிபயோட்டிக் எடுத்தீர்களா, அம்மா?" என்று கேட்டால் "இல்லீங்க" என்ற பதில்தான் வரும். "இந்த ஒரு மாசத்துல எந்தக் குளிசையாச்சும் குடிச்சீங்களா? அட்டையைக் கொண்டுவந்து காட்டுங்க" என்று கேட்க வேண்டும். கேட்டதைப் படிவத்தில் எழுத வேண்டும்.

படிவத்தில் இருக்க வேண்டியவை: செயற்கை மூட்டு என்ற சொல், எந்த மூட்டு, பொருத்திய திகதி, கடைசியாக எடுத்த மருந்தும் நிறுத்திய நாளும், நீரிழிவு உண்டா என்பது, முடக்குவாதம் போன்ற அழற்சி நோய் உண்டா என்பது, நோயாளியின் தொழில். தொழிலைக் கேட்பதன் காரணம் பின்னால் வரும். "செயற்கை மூட்டு" என்ற சொல் இல்லாத படிவம் சாதாரண மாதிரிகளின் வரிசையில் சேர்ந்து இரண்டு நாளில் முடிந்துவிடும். எனக்கு நேர்ந்ததும் அதுவே.

இதே கட்டத்தில் குருதியில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி., ஈ.எஸ்.ஆர். இரண்டையும் பார்க்கலாம். சி.ஆர்.பி. ஒரு லீற்றருக்கு 10 மில்லிகிராமுக்கு மேலிருந்தால் சந்தேகம் வலுக்கும். ஆனால் மெதுவாக வளரும் கிருமிகளின் தொற்றில் இரண்டுமே இயல்பாக இருக்கக்கூடும். இயல்பான சி.ஆர்.பி. தொற்றில்லை என்பதற்குச் சான்றாகாது. சத்திரசிகிச்சை முடிந்த முதல் சில வாரங்களில் காயத்தினாலேயே அது உயர்ந்திருக்கும் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

இரண்டாம் படி: மூட்டுத் திரவம்

சத்திரசிகிச்சைக்கு முன் செய்யக்கூடியவற்றுள் மிகவும் பயன்தரும் பரிசோதனை இதுவே என்பது என் கருத்து. ஊசியால் எடுக்கும் சில மில்லி லீற்றர் திரவம் ஒரே நாளில் விடை தரும். அதற்குத் தேவை ஒரு நுண்ணோக்கியும், கலங்களை எண்ணும் கோடிட்ட கண்ணாடித் தட்டும் மட்டுமே.

கிருமிநீக்க முறைகளை முழுமையாகக் கடைப்பிடித்து எடுக்க வேண்டும். மரப்பு ஊசியைத் தோலோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்; லிக்னோகெயின் பற்றீரியாக்களின் வளர்ச்சியைத் தடுக்கக்கூடியது என்பதால் அதை மூட்டுக்குள் செலுத்தக் கூடாது. திரவம் வராவிட்டால் உப்புநீரைச் செலுத்தி மீளவும் உறிஞ்சும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அப்படி எடுத்ததில் கலங்களை எண்ணுவதில் பொருளில்லை. கிடைத்த திரவத்தில் முதல் ஒரு மில்லி லீற்றரை, உறைவதைத் தடுக்கும் ஈ.டி.டி.ஏ. உள்ள ஊதாமூடிக் குழாயிலும், மிகுதியின் பெரும்பகுதியைக் குருதி வளர்ப்புப் போத்தல்களிலும் (கிருமி வளரும் ஊடகம் நிரப்பியவை), சிறிதைக் கிருமிநீக்கிய வெற்றுக் குழாயிலும் இட வேண்டும். போத்தலின் இறப்பர் மூடியை 70 வீத அல்ககோலால் துடைத்து உலர விடாமல் ஊசியைக் குத்தக் கூடாது.

கலங்களை எண்ணுகையில் பலர் இடறும் இடம் ஒன்று உண்டு. குருதியின் வெண்கலங்களை (வெள்ளை அணுக்களை) எண்ண வழக்கமாகப் பயன்படுத்தும் அசற்றிக் அமிலக் கரைசலை மூட்டுத் திரவத்தோடு கலந்தால், அதிலுள்ள வழுவழுப்பான பொருள் திரண்டு கலங்களைத் தன்னுள் இழுத்துக்கொள்ளும். எண்ணிக்கை பொய்யாகக் குறையும். ஐதாக்குவதற்கு உப்புநீரையே பயன்படுத்த வேண்டும். தானியங்கி எண்ணியைப் பயன்படுத்துபவர்கள், உலோகத்தின்மேல் உலோகம் உராயும் மூட்டுகளிலிருந்து வரும் கருமையான திரவத்தில் உலோகத் துகள்களையும் இயந்திரம் கலங்களாக எண்ணிவிடும் என்பதை அறிந்திருக்க வேண்டும். அத்தகையவற்றைக் கையாலேயே எண்ண வேண்டும். பின்னர் ஒரு பூச்சை லீஷ்மன் சாயமிட்டு நியூட்ரோபில்களின் (தொற்றை எதிர்க்கும் ஒருவகை வெண்கலங்களின்) வீதத்தைப் பார்க்க வேண்டும்.

ஐரோப்பிய என்பு மூட்டுத் தொற்றுச் சங்கம் 2021 இல் வெளியிட்ட வரையறையின்படி, ஒரு மைக்ரோ லீற்றரில் 3000 க்கு மேற்பட்ட வெண்கலங்கள் அல்லது 80 வீதத்துக்கு மேற்பட்ட நியூட்ரோபில்கள் இருந்தால் தொற்று உறுதி. 1500 க்கும் 65 வீதத்துக்கும் மேற்பட்டவை ஐயத்துக்குரியவை. ஏனைய சான்றுகளோடு சேர்த்தே எடைபோட வேண்டும். சாதாரண மூட்டில் தொற்று என்றால் ஐம்பதாயிரத்தை எதிர்பார்த்துப் பழகிய கண்ணுக்கு 4000 என்பது சிறிய எண்ணாகத் தோன்றும். செயற்கை மூட்டில் அது பெரிய எண். மூட்டுப் பொருத்தி ஆறு வாரம் ஆகாதவர்களுக்கும், அழற்சி மூட்டுநோய் உள்ளவர்களுக்கும், அண்மையில் என்பு முறிந்தவர்களுக்கும் இந்த எல்லைகளை அப்படியே பொருத்தக் கூடாது.

சிறுநீர்ப் பரிசோதனைக்கு வைத்திருக்கும் பட்டையிலுள்ள, வெண்கலங்களின் நொதியைக் காட்டும் லூக்கோசைட் எஸ்தரேஸ் கட்டம் இங்கும் உதவும். ஒரு துளி மூட்டுத் திரவத்தை அதில் விட்டு, பட்டையில் குறித்த நேரத்தில் வாசிக்க, இரண்டு கூட்டல் குறி அளவுக்கு நிறம் மாறினால் தொற்றின் பக்கம் சாயலாம். குருதி கலந்திருந்தால் நிறம் தெரியாது; மையநீக்கியில் சுழற்றி மேலே தெளிந்ததைப் பயன்படுத்த வேண்டும். மூட்டுத் திரவத்தில் நியூட்ரோபில்கள் விடும் புரதத்தைத் தேடும் ஆல்பா டிபென்சின் பரிசோதனைக்கு வசதியில்லாத வைத்தியசாலையில், சில ரூபாய்ச் செலவில் நோயாளியின் கட்டிலருகிலேயே கிடைக்கும் இந்தச் சான்றை ஒதுக்கிவிடுவதற்குக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் படி: சத்திரசிகிச்சையின்போது திசு எடுத்தல்

இந்தப் படியைச் செய்பவர் ஆய்வுகூடத்தில் இல்லை. ஆனாலும் இந்தப் படிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஆய்வுகூடத்திலிருந்து ஒருவர் ஒருமுறையாவது சத்திரசிகிச்சைக் கூடத்துக்குப் போய், அங்குள்ள தாதியரோடும் வைத்தியர்களோடும் பேசி, மாதிரிப் பெட்டி ஒன்றைத் தாமே தயாரித்துக் கொடுத்துவிட்டு வருவது நல்லது. எங்கள் இடத்தில் பெரிய மாற்றம் வந்தது அந்த ஒரு நாளுக்குப் பிறகுதான்.

விதி இதுதான்: ஐந்து அல்லது ஆறு திசுத் துண்டுகள், ஒவ்வொன்றும் வெவ்வேறு இடத்திலிருந்து, ஒவ்வொன்றுக்கும் புதிய கிருமிநீக்கிய கத்தியும் இடுக்கியும், ஒவ்வொன்றும் தனித்தனிப் போத்தலில். ஒக்ஸ்போர்ட்டில் அட்கின்ஸ் குழுவினர் 1998 இல் வெளியிட்ட ஆய்வு இந்த எண்ணிக்கைக்கு அடித்தளம் இட்டது.

குறைந்தது இரண்டு துண்டுகளில் ஒரே கிருமி வளர்ந்தால் தொற்று உறுதி என்பதே இங்கு விதி. எண்ணிக்கை ஏன் முக்கியம் என்பதை ஒரு கணக்கால் விளக்குகிறேன். தொற்றுள்ள மூட்டில் ஒவ்வொரு துண்டிலும் கிருமி வளரும் வாய்ப்பு 60 வீதம் என்றும், தொற்றில்லாத மூட்டில் ஒவ்வொரு துண்டும் மாசடையும் வாய்ப்பு 5 வீதம் என்றும் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். இரண்டு துண்டுகள் மட்டும் எடுத்தால், இரண்டிலும் வளரும் வாய்ப்பு 36 வீதந்தான். ஐந்து எடுத்தால், குறைந்தது இரண்டில் வளரும் வாய்ப்பு 91 வீதமாகிறது. மறுபக்கம், தொற்றே இல்லாத நோயாளியின் ஐந்து துண்டுகளில் ஏதோ ஒன்றாவது மாசடையும் வாய்ப்பு 23 வீதம் வரை வருகிறது. ஆனால் இரண்டு துண்டுகள் மாசடையும் வாய்ப்பு 2 வீதத்தைச் சற்றுத் தாண்டும், அவை இரண்டும் ஒரே கிருமியாக இருக்கும் வாய்ப்பு அதிலும் குறைவு. "இரண்டு மாதிரியில் ஒரே கிருமி" என்ற விதியின் பலம் இதில் தெரிகிறது. ஆனால் ஒரே கத்தியால் ஆறு துண்டும் வெட்டினால் இந்தக் கணக்கு முழுதும் குலைந்துபோகும். முதல் துண்டில் ஒட்டிய மாசு ஆறிலும் பரவி, பொய்யான சாட்சி ஒன்று ஆறு வாயால் பேசும்.

துண்டு ஒவ்வொன்றும் கடலையளவாவது இருக்க வேண்டும். செயற்கை மூட்டுக்கும் என்புக்கும் இடையிலுள்ள படலம், மூட்டுறை, சிவந்தோ சிதைந்தோ காணப்படும் பகுதிகள் ஆகியவற்றுக்கு முதலிடம். மின்சூட்டால் கருகிய திசு வேண்டாம். கிருமிநாசினியால் கழுவுவதற்கு முன்பே எடுக்க வேண்டும். தோலில் சீழ்வடியும் துளையிருந்தால் அதுவே தொற்றுக்கு உறுதியான அடையாளம். ஆனால் அந்தத் துளையிலிருந்து எடுக்கும் சுவாப் தோலின் கிருமிகளையே பெரும்பாலும் காட்டி வழிதவறச் செய்யும். அதை எடுக்கவே வேண்டாம் என்று சொல்வேன்.

திசுவை நுண்ணோக்கியில் பார்க்கும் இழையவியல் பரிசோதனைக்கு வேறு துண்டுகளை எடுத்து, அவற்றை மட்டும், கிருமிகளைக் கொன்றுவிடும் போமலினில் இட வேண்டும். பழக்கத்தின் காரணமாக எல்லாப் போத்தல்களிலும் போமலின் ஊற்றப்பட்டு, ஆறு மாதிரியும் ஒரே நொடியில் பயனற்றுப்போனதைக் கண்டிருக்கிறேன். நுண்ணுயிரியல் போத்தல்களுக்கு வேறு நிற மூடி இட்டு முன்கூட்டியே பெயரொட்டி அனுப்பினால் இது நடக்காது. நோயியலாளர், 400 மடங்கு பெருக்கத்தில் ஐந்து புலங்களில் ஒவ்வொன்றிலும் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட நியூட்ரோபில்களைக் கண்டால், அதுவும் தொற்றை உறுதிப்படுத்தும் சான்று.

நான்காம் படி: மலைப்பாதையும் குளிரும்

மாதிரிகள் இரண்டு மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடத்தை அடைவது விரும்பத்தக்கது. அதே கட்டடத்துக்குள் இது எளிது. நுவரெலியாவிலிருந்து றம்பொடை, புசல்லாவை, கம்பளை வழியாகக் கண்டிக்கு அனுப்பும்போது, மழை நாளில் மண்சரிவு எச்சரிக்கையும் சேர்ந்தால் நேரத்தை யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. அத்தகைய இடங்களில், கிருமிநீக்கிய கண்ணாடி மணிகளும் ஐந்து மில்லி லீற்றர் உப்புநீரும் இட்ட போத்தல்களைச் சத்திரசிகிச்சைக் கூடத்துக்கே கொடுத்துவிடலாம். திசு உலர்ந்துபோகாது, ஆய்வுகூடத்தில் போத்தலை மீண்டும் திறந்து மாற்றும் வேலையும் இல்லை. மூட்டுத் திரவத்தைக் குருதி வளர்ப்புப் போத்தலில் அங்கேயே இட்டுவிடுவது மேல்.

குளிர்சாதனப் பெட்டியில் வைக்கக் கூடாது, அறை வெப்பநிலையில் வைக்க வேண்டும் என்று எல்லா நூல்களும் சொல்கின்றன. அந்த நூல்கள் நினைக்கும் அறை 20 பாகைக்கு மேற்பட்டது. ஏறத்தாழ 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் மார்கழி, தை மாத இரவுகளில் வெப்பநிலை 10 பாகைக்குக் கீழே இறங்கும். சன்னலோரத்தில் இரவு முழுவதும் வைத்த பெட்டி, குளிர்சாதனப் பெட்டியில் வைத்ததற்கு அதிகம் வேறுபட்டதன்று. வெப்பமானியோடு கூடிய மூடிய பெட்டி ஒன்றை ஒதுக்கிவையுங்கள்.

உயரம் வேறொரு வழியிலும் குறுக்கிடுகிறது. அமுக்கமானியை மட்டும் பார்த்து இயக்கும் பழைய ஓட்டோகிளேவ்களில் (நீராவியால் கிருமிநீக்கும் கருவிகளில்), சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தல் அமுக்கம் கடல்மட்டத்தில்தான் 121 பாகையைத் தரும். வளி அமுக்கம் குறைந்த நுவரெலியாவில் அதே 15 இறாத்தலில் வெப்பம் அந்த அளவை எட்டாது. ஆயிரம் அடிக்கு அரை இறாத்தல் வீதம் கூட்டி, ஏறத்தாழ 18 இறாத்தலுக்குக் கொண்டுபோக வேண்டும். வெப்பநிலையை நேரடியாக அளக்கும் இயந்திரமாயின் இந்தக் கவலை இல்லை. கண்டியில் வித்தியாசம் சிறிது. அரைகுறையாகக் கிருமிநீக்கிய மணிகளிலும் ஊடகத்திலும் தப்பிய பற்றீரியா வித்திகள், 14 நாள் அடைகாப்பில் (கிருமி வளர வெதுவெதுப்பில் வைத்திருக்கும் காலத்தில்) கட்டாயம் தலைகாட்டும். இரண்டு நாளில் மறைந்திருக்கும் குறை, இரண்டு வாரத்தில் வெளிப்படும். ஆகவே வித்திப் பட்டையால் ஓட்டோகிளேவைத் தவறாமல் சோதிக்க வேண்டும். ஒவ்வொரு தொகுதி மாதிரியோடும், திசு எதுவும் இடாத ஒரு மணிப்போத்தலையும் சேர்த்து இறுதிவரை அடைகாக்க வேண்டும். அதில் ஏதாவது வளர்ந்தால், அந்தத் தொகுதியின் முடிவுகள் அனைத்தையும் ஐயத்தோடு நோக்க வேண்டும்.

ஐந்தாம் படி: மேசைமேல்

எல்லா வேலையும் இரண்டாம் வகுப்பு உயிர்ப்பாதுகாப்புப் பேழைக்குள் நடக்க வேண்டும். அன்றைய தினத்தில் வேறு எந்த மாதிரியையும் தொடுமுன், மேசையைத் துடைத்துக் கையுறை மாற்றி, முதல் வேலையாக இதைச் செய்வது மாசைக் குறைக்கும். திசுவை உரலில் இட்டு அரைப்பதைக் காட்டிலும், மூடிய போத்தலுக்குள் கண்ணாடி மணிகளோடு குலுக்குவது மேலானது. திறந்து கையாளும் தடவைகள் குறைகின்றன, படலத்திலிருந்து கிருமிகளும் விடுபடுகின்றன. குலுக்கும் இயந்திரம் இல்லாவிட்டால் வோர்டெக்ஸ் கருவி போதும்.

கிருமியை நுண்ணோக்கியில் நேரடியாகப் பார்க்க உதவும் கிராம் சாயமிடலைச் செய்யலாம். ஆனால் அதை நம்பி எதையும் மறுக்கக் கூடாது. தொற்றுள்ள மூட்டுகளிலேயே மிகப் பெரும்பாலானவற்றில் அது எதிர்மறையாக வரும். கிருமி தெரிந்தால் உடனே தொலைபேசியில் அறிவியுங்கள்.

கரைசலைக் குருதி வளர்ப்புப் போத்தல்களில் இடுவதுதான், நம் வைத்தியசாலைகளில் இன்றே செய்யக்கூடிய மிகப் பெரிய முன்னேற்றம். தானியங்கி இயந்திரம் குருதிக்காக ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் இடங்களில், ஒவ்வொரு திசுக் கரைசலிலிருந்தும் அரை முதல் ஒரு மில்லி லீற்றரை ஒட்சிசன் உள்ள போத்தலிலும் இல்லாத போத்தலிலும் இட்டால் போதும். ஒக்ஸ்போர்ட்டிலிருந்து 2011 இல் வெளிவந்த ஒப்பீட்டில், இந்த முறை தொற்றுகளில் 87 வீதத்தைப் பிடித்தது. நேரடியாகத் தட்டில் பூசியது 39 வீதத்தைத்தான் பிடித்தது. போத்தல் முறையில் பெரும்பாலான கிருமிகள் முதல் ஐந்து நாளுக்குள் வெளிப்படும். இப்போத்தல்களைப் பயன்படுத்தினால் மூன்று துண்டுகளே போதுமென்று காட்டிய ஆய்வும் உண்டு. ஆயினும் துண்டுகளைக் குறைக்குமாறு நான் சொல்லமாட்டேன், ஒன்றிரண்டு வழியில் கெட்டுப்போகும் இடத்தில் ஐந்து எடுப்பதே பாதுகாப்பு.

இயந்திரம் இல்லாத இடத்தில் குருதி ஏகார், சொக்கலேட் ஏகார், ஒட்சிசனற்ற சூழலுக்கான குருதி ஏகார் ஆகிய வளர்ப்புத் தட்டுகளோடு தயோகிளைக்கொலேற்று அல்லது சமைத்த இறைச்சிக் குழம்பு ஊடகத்தையும் பயன்படுத்தலாம். சாதாரணத் தட்டுகளை ஐந்து முதல் ஏழு நாளும், ஒட்சிசனற்ற தட்டுகளையும் குழம்பையும் 14 நாளும் வைக்க வேண்டும். தட்டுகள் உலர்ந்து வெடிக்காதபடி ஈரப்பதத்தோடு மூடிவைக்க வேண்டும். ஒட்சிசனற்ற சாடியை ஒவ்வொரு நாளும் திறந்து பார்க்கும் ஆவலை அடக்க வேண்டும். இரண்டு சாடிகளாகப் பிரித்து, ஒன்றை ஐந்தாம் நாளிலும் மற்றதைப் பதினான்காம் நாளிலும் திறப்பது நல்ல ஏற்பாடு. குழம்பு தெளிவாகத் தெரிந்தாலும் இறுதியில் ஒருமுறை தட்டுக்கு மாற்றிப் பார்த்தே முடிக்க வேண்டும். 14 நாள் என்பது மிகைப்படுத்தலன்று: ஜேர்மனியில் 2008 இல் வெளியான ஆய்வொன்றில், தொற்றுகளில் ஏறத்தாழ 74 வீதமே முதல் வாரத்தில் பிடிபட்டன, எஞ்சியவை இரண்டாம் வாரத்தில் வந்தன.

கழற்றிய செயற்கை மூட்டையே ஆய்வுகூடத்துக்கு அனுப்பினால், அதன்மீதுள்ள படலத்தை மீயொலியால் பிரிக்கலாம். 2007 இல் வெளியான 331 நோயாளிகளின் ஆய்வில், திசு வளர்ப்பு 60.8 வீதத் தொற்றுகளைக் கண்டறிந்தபோது, மீயொலித் திரவ வளர்ப்பு 78.5 வீதத்தைக் கண்டறிந்தது. சத்திரசிகிச்சைக்கு முந்திய இரண்டு வாரத்துக்குள் அன்டிபயோட்டிக் எடுத்தவர்களில் வித்தியாசம் இன்னும் பெரிது: திசு வளர்ப்பில் 45 வீதம், மீயொலித் திரவ வளர்ப்பில் 75 வீதம். மூடி இறுகப் பொருந்தும் கெட்டியான கொள்கலனில் மூட்டை இட்டு, அது மூழ்கும் அளவுக்குக் கிருமிநீக்கிய ரிங்கர் கரைசல் ஊற்றி, 30 விநாடி குலுக்கி, 40 கிலோஹேர்ட்ஸ் தொட்டியில் ஐந்து நிமிடம் வரை வைத்து, மீண்டும் 30 விநாடி குலுக்க வேண்டும். பொலித்தீன் பை வேண்டாம். பை கசிந்து தொட்டி நீரின் கிருமிகள் உள்ளே புகுந்த அனுபவம் முன்னோடிகளுக்கே நேர்ந்தது. திரவத்தில் 0.1 மில்லி லீற்றரைத் தட்டில் பூசி ஐந்துக்கு மேற்பட்ட கிருமிக் கூட்டங்கள் வளர்ந்தால், அது மில்லி லீற்றருக்கு 50 என்ற எல்லையைத் தாண்டுகிறது, தொற்று உறுதி. தொட்டி வாங்க வசதியில்லாவிட்டால் மனம் தளர வேண்டாம். ஐந்து துண்டுகளும் போத்தல் முறையும் ஒழுங்காக நடக்காத இடத்தில் தொட்டிக்குப் பணம் கேட்பது, அத்திவாரம் போடாமல் கூரை வேய்வதற்கு ஒப்பானது.

ஆறாம் படி: வளர்ந்ததை இனங்காணல்

கோகுலேஸ் எதிர்மறை ஸ்டபிலோகொக்கஸ் என்று எழுதி நிறுத்துவது வழக்கமான மாதிரிகளுக்குப் போதும், இங்கே போதாது. இரண்டு துண்டுகளில் வளர்ந்தவை ஒரே இனமா என்று தெரிந்தால்தான் விதியைப் பயன்படுத்த முடியும். இனத்தைத் துல்லியமாகக் காணும் கருவி இல்லாவிட்டால், கூட்டங்களின் தோற்றத்தையும் முழு மருந்துணர்திறன் பட்டியலையும் ஒப்பிட வேண்டும். ஸ்டபிலோகொக்கஸ் லக்டுனென்சிஸ் கண்ணாடித் தட்டுக் கோகுலேஸில் நேர்மறையாக வந்து ஸ்டபிலோகொக்கஸ் ஓரியஸ் போல ஏமாற்றலாம், குழாய்ச் சோதனையில் எதிர்மறையாகி வெறும் தோல் கிருமிபோலவும் ஏமாற்றலாம். ஓர்னிதைன் டிகார்பொக்சிலேஸ் சோதனை அதைக் காட்டிக்கொடுக்கும். ஊசிமுனை அளவான, குருதியைச் சிதைக்காத கூட்டங்களை மாசு என்று தள்ளிவிடாமல் இன்னும் இரண்டு நாள் வைத்துப் பாருங்கள். நீண்டகாலத் தொற்றில் ஸ்டபிலோகொக்கஸ் ஓரியஸ் இப்படிச் சிறுத்த கூட்டங்களாக வளர்வதுண்டு. ஓரியஸ் ஒரே துண்டில் மட்டும் வளர்ந்தாலும், அதை இலேசாக ஒதுக்கக் கூடாது.

இனித் தொழிலைக் கேட்டதன் காரணம். மண்ணிலும் சேற்றிலும் வாழும் பேர்க்ஹோல்டேரியா சூடோமாலெய் இலங்கையில் உண்டு; அது தரும் மெலியோய்டோசிஸ் நீரிழிவு உள்ளவர்களையும், வெறுங்காலோடு மண்ணில் உழைப்பவர்களையும் அதிகம் தாக்கும்; மூட்டுகளையும் என்பையும் விட்டுவைப்பதில்லை. மரக்கறித் தோட்டமும் வயலும் தேயிலை மலையும் சூழ்ந்த நம் பகுதியில், ஒட்சிடேஸ் நேர்மறையான கிராம் எதிர்மறைக் கோல்கிருமி ஒன்று வளர்ந்தால், "சூடோமோனாஸ்" என்று எழுதிவிட்டு எழும்பக் கூடாது. ஜென்டாமைசினுக்கும் கொலிஸ்டினுக்கும் எதிர்ப்பு, கோ-அமொக்சிக்லாவுக்கு உணர்திறன் என்ற சேர்க்கை தென்பட்டால், தட்டை மேசையில் முகர்ந்து பார்ப்பதையும் திறந்து வைப்பதையும் உடனே நிறுத்தி, பாதுகாப்புப் பேழைக்குள் கொண்டுபோய், நுண்ணுயிரியல் விசேட வைத்தியரிடம் தெரிவித்து, உசாத்துணை ஆய்வுகூடத்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்ய வேண்டும். காசநோய்க் கிருமியையும் பங்கசுகளையும் எல்லோரிடமும் தேட வேண்டியதில்லை. கலங்கள் அதிகமாக இருந்தும் வழக்கமான வளர்ப்பு வெறுமையாக நிற்கும்போது, அல்லது இழையவியலில் சிறுமணிக்கட்டி தெரியும்போது, கட்டாயம் தேட வேண்டும்.

இதற்காகவே ஒரு துண்டை எடுத்து உறைநிலையில் சேமித்துவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். வளர்ப்பு எதிர்மறையாகி, சந்தேகம் நீங்காதபோது, பற்றீரியாவை அதன் மரபணுவைக் கொண்டு இனங்காணும் 16 எஸ் பரிசோதனைக்கு அனுப்ப அது உதவும். அன்டிபயோட்டிக் எடுத்த நோயாளியிடம் அந்தப் பரிசோதனைக்குப் பெறுமதி அதிகம். ஆனால் அது வளர்ப்புக்கு மாற்றீடாகாது, எந்த மருந்து வேலைசெய்யும் என்பதை அது சொல்லாது.

மருந்துணர்திறனில் செபொக்சிட்டின், ரிபாம்பிசின், குயினலோன் வகை, வங்கோமைசின் ஆகியவை தவறக் கூடாது. உயிர்ப்படலத்தில் உறைந்த ஸ்டபிலோகொக்கஸுக்கு எதிராக ரிபாம்பிசின் முக்கியமான துணைமருந்து. தனியாகக் கொடுத்தால் விரைவில் எதிர்ப்பு உருவாகும் என்பதையும் அறிக்கையில் ஒரு வரியாக எழுதிவிடுவது நல்லது.

ஏழாம் படி: அறிக்கை

"ஸ்டபிலோகொக்கஸ் எபிடேர்மிடிஸ் வளர்ந்தது" என்ற வரி போதாது. "பெறப்பட்ட 5 திசுக்களில் 3 இல், 2 ஆம் நாளிலிருந்து 4 ஆம் நாளுக்குள், ஒரே உணர்திறன் வடிவமுள்ள ஸ்டபிலோகொக்கஸ் எபிடேர்மிடிஸ் வளர்ந்தது, கட்டுப்பாட்டுப் போத்தலில் வளர்ச்சி இல்லை" என்று எழுதினால், படிக்கும் வைத்தியருக்கு முடிவெடுக்கும் பலம் கிடைக்கும். ஒரு துண்டில் மட்டும், பன்னிரண்டாம் நாளில், குழம்பு ஊடகத்திலிருந்து மட்டும் வந்த வளர்ச்சியையும் மறைக்காமல் எழுதுங்கள்; அது மாசாக இருக்கக்கூடும் என்ற கருத்தையும் சேர்த்து எழுதுங்கள். எதுவும் வளராவிட்டால், "14 நாள் வரை வளர்ச்சி இல்லை, சத்திரசிகிச்சைக்கு 5 நாள் முன்வரை அன்டிபயோட்டிக் எடுத்ததாகப் படிவம் கூறுகிறது, தொற்று இல்லை என்று இதனால் முடிவுசெய்ய இயலாது" என்று எழுதுங்கள். இந்த மூன்று வாக்கியங்கள் அன்று என் பேனாவிலிருந்து வந்திருந்தால், அந்த அம்மாவின் இரண்டு வருடம் மிஞ்சியிருக்கும்.

ஐந்தாம் நாளில் இடைக்கால அறிக்கை ஒன்றை அனுப்புவது வழக்கமாக வேண்டும். "14 ஆம் நாள் வரை தொடர்கிறது" என்ற குறிப்பு இல்லாவிட்டால் வார்ட்டில் அதையே இறுதி அறிக்கையாக எடுத்து மருந்தை நிறுத்திவிடுவார்கள்.

வளர்த்த கிருமியை உறைநிலையில் காத்து வைக்க வேண்டும். புதிய மூட்டுப் பொருத்தும் இரண்டாம் கட்டச் சத்திரசிகிச்சை முடியும்வரை அதை எறியக் கூடாது. அப்போது மீண்டும் ஏதாவது வளர்ந்தால், பழையதே மீண்டதா, புதியது புகுந்ததா என்று ஒப்பிட வேண்டி வரும். அதோடு நோயாளியின் கிளினிக் கொப்பியின் முதற்பக்கத்தில், வார்ட் வைத்தியரிடம் சொல்லி, கிருமியின் பெயரையும், அடுத்த சத்திரசிகிச்சைக்கு முந்திய இரண்டு வாரத்தில் விசேட வைத்தியரின் அனுமதியின்றி அன்டிபயோட்டிக் கொடுக்க வேண்டாம் என்பதையும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதச் செய்யுங்கள். தோட்டத்து டிஸ்பென்சரியிலும் பார்மசியிலும் அந்தக் கொப்பியைத்தான் முதலில் நீட்டுவார்கள்.